கடற்கரையில் நிச்சயதார்த்தப் படம், கூடவே இரண்டு குழந்தைகள்: முதல் தடவை சொதப்பியது, இரண்டாம் தடவை தேறியது

நேற்று ராத்திரிதான் ஆல்பத்துக்கான படங்களைப் பிரித்து முடித்தேன். முதல் நாள், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் கோவளத்தில் எடுத்தது 1,140. அதில் தேறியது 9. இரண்டாம் நாள் நீலாங்கரைப் பக்கம் எடுத்தது 610. அதில் தேறியது 74. அதே கேமரா, அதே ஆட்கள், அதே வங்காள விரிகுடா. நடுவில் என்ன மாறியது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஒன்பது வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டால், தெரியவில்லை என்பதுதான் பதில். மண்டபத்தில் குழந்தைகள் நாற்காலிக்கு நடுவே ஓடுவார்கள், கண்ணில் பட்டால் எடுப்போம், படாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. குழந்தைகள் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லி ஒரு வேலை வந்தது இதுதான் முதல் தடவை.

வேலை கொடுத்தது என் பெரியம்மா மகள். அக்காவுக்கு இது இரண்டாவது கல்யாணம். ஏழு வயதில் பையன் இருக்கிறான். மாப்பிள்ளைக்கும் இரண்டாவதுதான், நாலு வயதில் பாப்பா. நிச்சயதார்த்தம் வீட்டிலேயே, முப்பது பேரோடு முடிந்துவிட்டது. "மேடையில நிக்க வெச்சு எடுக்கறதெல்லாம் வேணாம்டா. நாங்க நாலு பேரும் பீச்சுல சும்மா இருக்கற மாதிரி எடுத்துக் குடு. பசங்க இல்லாம ஒரு படமும் வேணாம்" என்றாள். அந்தச் 'சும்மா'தான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமையைக் குறித்தோம். கோவளத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 2021இல் நீலக்கொடிச் சான்று, அதாவது சுத்தமும் வசதியும் உள்ள கடற்கரைக்குத் தரப்படும் சர்வதேசச் சான்று, வாங்கிய கடற்கரை அது. கழிப்பறையும் உடை மாற்ற இடமும் உண்டு. குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது இவை லென்ஸைவிட முக்கியம். இடத்தில் தப்பில்லை. நேரத்தில்தான் தப்பு. சாயங்காலம் 4.15க்கு வரச் சொன்னேன்.

சூரியன் கடலுக்குள் இறங்க, ஜோடி கைகோர்த்து நிற்கும் படங்களைத்தான் எல்லாரும் செல்போனில் சேமித்து வைத்துக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். அவையெல்லாம் கோவாவிலும் கேரளத்திலும் எடுத்தவை. நம் கரை கிழக்கு பார்த்தது. சாயங்காலம் சூரியன் கடலுக்கு எதிர்ப்பக்கம், ஊருக்குப் பின்னால் போகிறது. இதைத் தெரியாமல் போகவில்லை, தெரிந்தேதான் போனேன். "சாயங்கால வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நாலு பேரையும் நிறுத்தினால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. பெரியவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். பாப்பா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். அன்றைக்கு அஸ்தமனம் 6 மணிக்கு. ஆனால் 5.25க்கெல்லாம் வெயில் மரங்களுக்குப் பின்னால் போய், மணல் மொத்தமும் சாம்பல் நிறமாகிவிட்டது. நான் கணக்குப் போட்டிருந்த கடைசி அரைமணி நேரம் அங்கே இல்லவே இல்லை.

அடுத்தது காற்று. மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து வீசும் காற்று சாயங்காலம் நன்றாக வேகம் பிடித்திருக்கும். அக்காவின் முடி முகத்தில், முந்தானை மாப்பிள்ளை முகத்தில். வெளிச்சத்தைத் திருப்பிவிட நான் எடுத்துப் போயிருந்தது நாலடிக்கு இரண்டடி தெர்மோகோல், ₹90. அசிஸ்டெண்ட் தம்பி அதைத் தூக்கிப் பிடித்த மூன்றாவது நிமிஷம் நடுவில் முறிந்தது. முறிந்ததோடு விட்டதா? ஓரம் நொறுங்கி வெள்ளை உருண்டைகள் கரை முழுக்கப் பறந்தன. சான்று வாங்கிய சுத்தமான கடற்கரையில் நான் செய்த காரியம் இது. நாலு பேரும் ஓடி ஓடிப் பொறுக்கினோம். பையன்தான் அதிகம் பொறுக்கினான். பாப்பா பொறுக்கியதை மறுபடி ஊதிவிட்டாள். நான் சலிப்போடு, கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே, ஷட்டரை நாலைந்து தட்டு தட்டினேன். அன்றைக்குத் தேறிய 9இல் 4 அந்தப் பத்து நிமிஷத்தில் வந்தவை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்காமல் மோதிரத்துக்குப் போனேன். பையன் உள்ளங்கையில் நிச்சயதார்த்த மோதிரம், பின்னால் மங்கலாக அம்மாவும் மாப்பிள்ளையும். எங்கேயோ பார்த்த படம். அக்கா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள், நாலு கிராம். "கையை இன்னும் கொஞ்சம் நீட்டு, விரலை விரி, இல்ல இல்ல, இப்படி" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். விரலை விரித்தான். மோதிரம் இறங்கிவிட்டது.

காய்ந்த மணலில் விழுந்த மோதிரத்தைத் தேடும் வேலை வந்தால் இதை நினைவில் வையுங்கள்: யாரும் நகரக் கூடாது. நாங்கள் எல்லாரும் நகர்ந்தோம். முதல் இருபது நிமிஷம் ஆளுக்கொரு பக்கம் கையால் துழாவி மோதிரத்தை இன்னும் கீழே தள்ளினோம். பிறகு மாப்பிள்ளைதான், அவர் வங்கியில் தணிக்கை பார்க்கிறவர், ஒரு குச்சியால் ஒரு மீட்டர் சதுரம் கீறி, அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, பாப்பாவின் ₹180 பக்கெட் செட்டில் இருந்த சல்லடையால் கட்டம் கட்டமாகச் சலித்தார். ஆறாவது கட்டத்தில், நாலு விரல்கடை ஆழத்தில் கிடைத்தது. மொத்தம் 35 நிமிஷம். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பையன் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது மிச்சத் தப்புகளும் தெரிந்தன. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல், அதாவது துளையை அகலத் திறந்து, வைத்துக் குடும்பப் படம் எடுத்திருக்கிறேன். மூன்று மீட்டர் தூரத்தில் அந்த அமைப்புக்கு ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் 13 செ.மீ.; ஒரு சாணுக்கும் குறைவு. அக்கா தெளிவாக இருந்தால் பாப்பா மங்கல், பாப்பா தெளிவாக இருந்தால் மாப்பிள்ளை யாரென்றே தெரியவில்லை. ஜோடிப் படத்தில் இரண்டு தலையையும் ஒட்டி நிறுத்தித் தப்பித்துவிடலாம். நாலு வயதுக் குழந்தையை எதோடும் ஒட்டி நிறுத்த முடியாது. ஷட்டர் வேகம் 1/250 நொடி. நடக்கிற ஜோடிக்கு அது போதும். ஓடுகிற பையனின் கையும் காலும் வால் முளைத்ததுபோல இழுத்துக்கொண்டு போயிருந்தன.

உடையும் உதைத்தது. நாலு பேருக்கும் வெள்ளையும் சந்தனமுமாக ஒரே துணியில் ₹6,400க்குத் தைத்தது. என் யோசனைதான். பையனின் குர்தா கழுத்துப் பட்டி கஞ்சிபோட்டதுபோல விறைப்பு; பாதிப் படங்களில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கிறான். மீதிப் பாதியில் ஈர மணல் கறை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். இன்னொரு நாள் கொடு, காசு வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன் என்று கேட்கத்தான். அக்கா காபி போட உள்ளே போனபோது பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மோதிரத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"மாமா, இதெல்லாம் உங்க இன்ஸ்டாகிராம்ல போடுவீங்களா?"

"ஏன்டா?"

"எங்க கிளாஸ்ல ஒருத்தனோட அம்மா உங்களைப் பாப்பாங்க. அவங்க அக்கா கல்யாணம் நீங்கதான எடுத்தீங்க."

அவ்வளவுதான் சொன்னான். வெளிச்சம், காற்று, லென்ஸ், கழுத்துப் பட்டி என்று என் தாளில் பதினோரு காரணம் இருந்தது. இது இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்கிற இரண்டு பேரிடமும் எந்தப் படம் வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தேன். இவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போடமாட்டேன் என்றேன். "எழுதிக் குடுங்க" என்று கோடு போட்ட நோட்டை நீட்டினான். எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப ஊத்து தோண்டலாமா? அன்னிக்குத் தோண்டவே விடல நீங்க" என்றான்.

அங்கேதான் இரண்டாம் நாளின் திட்டம் கிடைத்தது. படம் எடுக்கப் போகவில்லை, ஊற்று தோண்டப் போகிறோம், நானும் கூட வருகிறேன், அவ்வளவுதான்.

இரண்டாம் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் தனியாக இடம் பார்க்கப் போனேன். பாலவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவே ஒரு குப்பத்தை ஒட்டிய கரை. பிப்ரவரி நடுவில் சென்னையில் சூரிய உதயம் 6.31. அதற்கு இருபது நிமிஷம் முன்பே நல்ல நீல வெளிச்சம் வந்துவிடுகிறது. சூரியன் கிளம்பி ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 14 பாகை ஏறிவிடும், 7.30க்கு மேல் மூக்குக்கும் கண்ணுக்கும் கீழே நிழல் விழத் தொடங்குகிறது. ஆக, கையில் இருப்பது 6.10 முதல் 7.30 வரை. காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு, அதுவும் மெதுவாக. ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தேன், லேசாகத்தான் ஆடியது.

கரையில் ஐம்பது மீட்டர் நீளத்துக்கு மேலும் கீழும் நடந்து பொறுக்கினேன். பீர் பாட்டில் துண்டு ஐந்து, தூண்டில் முள் ஒன்று, அறுந்த நைலான் வலை ஒரு பிடி. குழந்தைகள் வெறுங்காலோடு வரும் இடத்தில் இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்க்கவே கூடாது. எடுக்கும் நாளன்றும் மறுபடி செய்தேன். புதிதாக இரண்டு துண்டு இருந்தது. படகுக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். "எடுத்துக்கோங்க தம்பி. வலைய மிதிக்க வேணாம், செருப்புக் காலோட போட்டுல ஏற வேணாம்" என்றார். அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு கிலோ சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு விடியலில் இன்னொன்றும் பார்த்தேன். கடலிலிருந்து மேட்டுக்கு ஏறி, அங்கே ஒரு வட்டம் போட்டு, திரும்பக் கடலுக்கு இறங்கிய தடம். டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல, முக்கால் மீட்டர் அகலம். பங்குனி ஆமை ராத்திரி முட்டை போட வந்து போயிருக்கிறது. ஜனவரியிலிருந்து பங்குனி வரை இந்தக் கரைக்கு அவை வரும். ஒரு தடவைக்கு நூறு முட்டைக்குப் பக்கம் இடும். மாணவர்கள் கூட்டம் ஒன்று ராத்திரி முழுக்க இந்தக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப்போய்ப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து வைக்கிறது. அதனால் இந்த மாதங்களில் இருட்டோடு போகிறவர்கள் டார்ச், ஃபிளாஷ் எதையும் அடித்துக்கொண்டு திரிய வேண்டாம். வெளிச்சம் ஆமையையும் குஞ்சையும் குழப்பிவிடும். நான் வெளிச்சம் வந்த பிறகுதான் கேமராவையே எடுத்தேன்.

சாமான் சேர்த்த கதை. பிளாஸ்டிக் பக்கெட் செட்டை ஒதுக்கினேன். அந்த ரோஸும் பச்சையும் எந்தப் படத்தில் வந்தாலும் கண் அங்கேதான் போகிறது. தவிர, முதல் நாளே அதன் கரண்டி ஒடிந்துவிட்டது. பதிலுக்கு வீட்டில் தேங்காய் உடைத்துச் சேர்த்த கொட்டாங்கச்சி ஆறு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து. பழைய குழம்புக் கரண்டி இரண்டு. செலவு இல்லை. தெர்மோகோலுக்குப் பதில் என் அப்பாவின் எட்டு முழ வேட்டி. சூரியன் எதிரே கடல்மேல் தாழ்வாக இருக்கும்போது, எனக்குப் பின்னால் இரண்டு பேர் அதைத் திரைபோல விரித்துப் பிடித்தால், மூன்றரை மீட்டர் நீளத்துக்கு மெத்தென்ற வெளிச்சம் முகங்களில் திரும்பி விழுகிறது. கடையில் விற்கிற வட்ட ரிஃப்ளெக்டர் ₹1,500 ஆகும், அதில் பாதி அகலம்கூட வராது. காற்று இருந்தால் வேட்டி உதவாது, பாய்மரம் ஆகிவிடும். விடியலில் மட்டும்தான் இந்தக் கதை.

உடை: பாப்பாவுக்குப் பழைய பருத்திப் பாவாடை சட்டை, கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே இருக்கிற மாதிரி மடித்துத் தைத்தது. பையனுக்கு அவன் துவைத்துத் துவைத்து மென்மையாகிப்போன கடுகு நிற டீ ஷர்ட். அக்காவுக்கு மாம்பழ நிற நூல் புடவை. பட்டு உப்புத் தண்ணீரில் பட்டால் தொலைந்தது. மாப்பிள்ளை பேன்ட்டில் வருகிறேன் என்றார். வேட்டியில் வாருங்கள், மடித்துக் கட்டலாம் என்றேன். புதிதாக வாங்கியது எதுவும் இல்லை.

கேமரா சோனி ஏ7 III. 35 மி.மீ. லென்ஸ் ஒன்று சொந்தம். 70-200 ஜூம் லென்ஸை ஒரு நாளைக்கு ₹1,200 வாடகைக்கு எடுத்தேன். ஷட்டர் 1/1000க்குக் கீழே இறங்குவதில்லை, எஃப் 4, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, தானாக ஓடவிட்டேன். 35இல் எஃப் 4 வைத்தால் மூன்று மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கிறது; நாலு பேரும் எப்படிப் புரண்டாலும் உள்ளே வருவார்கள். பின்னணி மங்காதே என்று கவலைப்பட்டேன். கடலுக்கு என்ன மங்க வேண்டியிருக்கிறது?

அன்று காலை. குழந்தைகளை முந்தின ராத்திரி எட்டரைக்கே படுக்க வைத்தாயிற்று. 5.20க்குத் தூக்கத்தோடு தூக்கிக் காரில் போட்டார்கள். கேமரா பையை டிக்கியில் வைத்தேன், உள்ளே வைக்கவில்லை. ஏசியில் குளிர்ந்த லென்ஸ் கடற்கரைக் காற்று பட்டதும் பனிமூட்டம் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் குருடாக நிற்கும். 6 மணிக்கு இறங்கினோம். பொடி தடவிய இட்லி ஆளுக்கு இரண்டு, வாழைப்பழம். சாக்லேட் கிடையாது, பல்லில் ஒட்டினால் படம் முழுக்கத் தெரியும்.

முதல் வேலையாக அலை ஏறி வரும் ஈரக்கோட்டுக்கு மூன்று மீட்டர் இப்பால் எல்லார் செருப்பையும் வரிசையாக வைத்தோம். அந்தக் கோட்டைத் தாண்டினால் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நம் கரையில் தரை சட்டென்று சரியும், திரும்பும் அலை காலடி மணலையே உருவும். முழங்கால் ஆழத்தில் நிற்கும் பெரியவரையே புரட்டிவிடும் கடல் இது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் என்று அக்காவின் சித்தியை அழைத்து வந்திருந்தோம். அவருக்குப் படத்திலும் வேலை இல்லை, வேட்டி பிடிக்கிற வேலையும் இல்லை. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்கிறவனை நம்பிக் குழந்தையை விடக்கூடாது, அவனுக்கு இடதும் வலதும் தெரியாது.

முதல் கால் மணி நேரம் கேமராவை எடுக்கவில்லை. பையன் புது ஆமைத் தடம் ஒன்றைக் கண்டுபிடித்தான். "டிராக்டர் வந்திருக்கு." இல்லை, ஆமை என்றேன். நம்பவில்லை. பாப்பா அந்தத் தடத்தின் நடுவே ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து நடந்தாள், பின்னால் பையன், பின்னால் அக்கா, கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளை. யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் 70-200ஐ எடுத்தேன். நீல வெளிச்சம். ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான்.

உதயம் 6.31 என்று போட்டிருந்தாலும் அடிவானத்தில் மேகம் ஒரு விரற்கடை நின்றிருந்தது, சூரியன் வெளியே வந்தது 6.38க்கு. அதற்குள் ஊற்று தொடங்கியாயிற்று.

ஊற்று தோண்டும் இடம் முக்கியம். காய்ந்த மணலில் தோண்டினால் இரண்டு முழம் போனாலும் ஈரம்தான். அலை வந்து போகிற இடத்தில் தோண்டினால் அலையே மூடிவிடும். செருப்புக் கோட்டுக்கு ஓரடி இப்பால், மணல் கறுத்துக் கெட்டியாக இருக்கும் இடத்தைப் பையனே மிதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். கொட்டாங்கச்சியால் வழித்து வழித்து ஒரு முழம் போனதும் அடியில் மணல் கூழாகித் தண்ணீர் கசிந்தது. கசிந்ததும் சுவர் இடிந்தது. மறுபடி. மறுபடி இடிந்தது. மாப்பிள்ளை குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு அடி மணலை வாரிப் போட்டார். அக்கா ஈர மணலை உருட்டி விளிம்பில் கரை கட்டினாள். "இந்தப் பக்கம் பிடிங்க, இடியுது, இடியுது!" என்று பையன் கத்திக்கொண்டிருந்தான். கோவளத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'அங்கிள்' போட்டுக்கொண்டிருந்தவன்.

பாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கொட்டாங்கச்சியில் கடல் தண்ணீர் மொண்டு வந்து குழிக்குள் கவிழ்த்தாள்.

"ஏய்! இது ஊத்து! ஊத்தக் கூடாது!"

பாப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஊத்துன்னு நீதான சொன்ன?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை, குழிக்குள் தலையை வைத்துக்கொண்டே. பிறகு அக்கா. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பையனுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. நான் எதிரே மணலில் குப்புறக் கிடந்தேன், 35 மி.மீ., சூரியன் அவர்கள் தோளுக்குப் பின்னால், எனக்குப் பின்னால் வேட்டி. பத்து நொடி விரலை எடுக்கவில்லை. 58 படம். ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை.

மோதிரப் படமும் அங்கேயே வந்துவிட்டது. மோதிரம் விரலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தோம். கரை கட்டும் அக்காவின் கை, ஈர மணல் அப்பியது, நடுவில் தங்கம் மட்டும் ஒரு கீற்றாக. பக்கத்தில் பையனின் சின்னக் கை.

7.05க்கு எதிர்பாராமல் ஒரு பெரிய அலை செருப்புக் கோட்டையும் தாண்டி ஏறி ஊற்றை மூடிவிட்டது. இரண்டு செருப்பு போயிற்று, ஒன்று திரும்பி வந்தது. பையன் அழுதான். அதை எடுக்கவில்லை. பத்து நிமிஷம் எல்லாரும் உட்கார்ந்து மிச்ச இட்லியைத் தின்றோம். 7.20க்கு முடித்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். இன்னும் பத்து நிமிஷ வெளிச்சம் பாக்கி இருந்தது, ஆனால் பாப்பா கண்ணைக் கசக்கத் தொடங்கியிருந்தாள்.

ஜோடி மட்டும் நிற்கும் படம் எத்தனை என்று பிறகு எண்ணினேன். மூன்று. அக்கா அதைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டு அம்மா, "ஃப்ரேம் போடற மாதிரி நேரா நின்னு ஒண்ணுகூட இல்லியே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த தடவை இறங்கியதும், குழந்தைகள் இட்லி தின்னும்போதே, அந்த ஐந்து நிமிஷப் படத்தை முதலில் முடித்துவிடுவேன்.

மற்ற தப்புகள். கடற்கரையில் வைத்தே லென்ஸ் மாற்றினேன், ஒரே தடவைதான். சென்சாரில் விழுந்த தூசி வானத்தில் ஏழு புள்ளியாக எல்லாப் படத்திலும் இருக்கிறது. உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கேமரா பாடி வாடகைக்கு எடுத்திருந்தால் ₹1,500 ஆகியிருக்கும்; மூன்று ராத்திரி மிச்சமாகியிருக்கும். குப்புறக் கிடந்ததில் 35இன் வளையத்துக்குள் மணல் புகுந்து, திருப்பினால் நறநறவென்கிறது. துணியால் துடைத்திருந்தால் கண்ணாடியும் கீறியிருக்கும், நல்லவேளை ஊதி ஊதித் தள்ளினேன். சர்வீசுக்கு ₹1,800. பாலிதீன் பையில் ஓட்டை போட்டு லென்ஸ் மேல் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தால் இரண்டு ரூபாயில் முடிந்திருக்கும்.

வண்ணம் சரிசெய்யும்போது பெரிதாக எதுவும் செய்யவில்லை. சூரிய ஒளியின் மஞ்சளைக் கொஞ்சம் குறைத்து, முகங்களில் விழுந்த நிழலை லேசாக வெளிச்சமாக்கினேன். ஆல்பம் அடிக்கிற இடத்தில் கேட்காமலே முகத்தை வெளுத்துவிடும் பழக்கம் உண்டு. நாலு பேரும் நல்ல கறுப்பு, காலை வெயிலில் செம்பு மாதிரி மின்னுகிறார்கள். 'முகத்தில் கை வைக்க வேண்டாம்' என்று ஃபோல்டர் பெயராகவே வைத்து அனுப்பியிருக்கிறேன். 12×36 அங்குலத் தாள் இருபது, ₹9,500.

இரண்டாம் நாளுக்கு மொத்தம் ஆனது: லென்ஸ் வாடகை 1,200, பெட்ரோல் 600, தம்பிக்குச் சம்பளம் 1,000, சங்கரா மீன் 400, புதுச் செருப்பு ஒரு ஜோடி 250, சர்வீஸ் 1,800. ₹5,250. முதல் நாள் உடைக்கு மட்டுமே இதைவிட அதிகம்.

இந்தப் பதிவில் ஒரு படமும் இல்லாததற்குக் காரணம் அந்தக் கோடு போட்ட நோட்டுதான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் என் போனை வாங்கி, என் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழே கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, பொங்கல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான்.